கெட்டியா ஒரு ஆயில் குடுங்க

என்ஜின் ஆயில் விற்கிற தொழிலில் ஒரு விசேஷம், வாங்க வருகிற எல்லாருக்கும் நம்மைவிட அதிகம் தெரியும். மருந்துக் கடை, விதைக் கடை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்ததும் பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், துணைக்கு நானும் இருக்கிறேன்.

என் கடை கூடலூரில், குமுளிக்கு ஏறுகிற சாலையில் இருக்கிறது. கல்லூரியில் மூன்று வருஷம் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். கணவர் இருந்தவரை கடைக்குள் நான் கால் வைத்தது ஆயுத பூஜைக்கு மட்டும். அவர் போனபின் ஏழு வருஷமாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாசிக்கிற பழக்கம் விடவில்லை. கடையில் வாசிக்கக் கிடைப்பது டப்பாக்களின் முதுகும், வண்டியோடு வருகிற கையேடுகளும்தான். அவற்றைப் போய் அக்கறையாக வாசித்தேன் பாருங்கள், எல்லா வம்பும் அதில்தான் வந்தது.

பெரியாத்துத் தண்ணி

எங்கள் பக்கத்தில் நல்லதற்கெல்லாம் ஒரே சொல். பால் கெட்டி, தயிர் கெட்டி, சேலையில் சாயம் கெட்டி, வளையல் கெட்டி. அப்படியிருக்க ஆயில் மட்டும் எப்படி இளகலாம்? என் கணவர் இருபது ஐம்பது என்ற ஒரே கெட்டி ஆயிலை டிராக்டருக்கும் ஜீப்புக்கும் கொடுத்து, நல்ல பேரோடு போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

பாண்டி என்று ஒருவர். சுற்றுலாக்காரர்களை மூணாறுக்கு ஏற்றிப் போய், இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் ஊர் சுற்றிக் காட்டுகிறவர். பழைய ஜீப்பை விற்றுவிட்டு டர்போ வைத்த கார் வாங்கியிருந்தார். ஆயில் மட்டும் ஜீப்புக்கு ஊற்றிய அதே கெட்டி. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு குட்டி விசிறி. பம்பரம் தோற்றுப்போகிற வேகத்தில் சுற்றும். அது சுற்றுவது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான். மார்கழியில் மூணாற்றுக் குளிரில் கெட்டி ஆயில் இறுகிக் கிடக்க, பாண்டி விடியற்காலையில் வண்டியை எடுத்த எடுப்பில் முறுக்க, ஆயில் போய்ச் சேருமுன்னே விசிறி வறட்டுச் சுற்றுச் சுற்றி, ஊளையிட்டுச் செத்துப்போனது.

"இன்னொருக்க டர்போ போச்சுன்னா வண்டியை வித்துட்டு, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கத்தான் போகணும் ஆத்தா. மதுரையில இருந்து சாமான் வர ஒரு வாரம் ஆகும். மாட்டினதும் ஊத்தணும். இருக்கறதுலயே கெட்டியா ஒரு ஆயில் குடுங்க" என்றார். நான் அவர் வண்டிக் கையேட்டில் போட்டிருந்தபடி ஐந்து டபிள்யூ முப்பது டப்பாவை எடுத்து வைத்தேன். பாண்டி அதைக் காதருகே வைத்து இளநீர் பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சளக்கு சளக்குங்குதே ஆத்தா! இதுக்கு நான் பெரியாத்துத் தண்ணியவே புடிச்சு ஊத்திருவேனே!"

டபிள்யூ

பாண்டி யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். அந்த டப்பா மேசை மேலேயே கிடந்தது. மறுநாள் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வந்தார். மகள் டாக்டர். அவளும் ஒரு டர்போ கார் வைத்திருக்கிறாள். பெரியவர் மேசையைப் பார்த்ததுமே, "இந்த டபிள்யூ போட்டதுதான் வேணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு வருஷத்தில் விவரம் தெரிந்து கேட்ட முதல் ஆள்!

"ஓட்டுறது எம் மக. பொம்பளைக ஓட்டுற வண்டிக்குன்னு லேசா, தனியாப் போடுறான் பாருங்க. அதான் வுமனுக்கு டபிள்யூ போட்டுருக்கான்" என்று அவரே விளக்கினார். நான் விடவில்லை. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கிற எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கிற எண் சூடேறியபின் அதன் கனம் என்று பாடமே நடத்தினேன். முன்பனி, பின்பனி என்று பனிக்கு இரண்டு பருவம் வகுத்த மொழியைப் படித்தவள் இல்லையா. அவர் பொறுமையாகக் கேட்டார். வெளியே வெயிலைப் பார்த்தார். டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நம்ம ஊர்ல விண்டர் எங்கனம்மா இருக்கு? பொம்பளைகதான் இருக்காக."

கம்பிப் பதம்

மூன்றாம் நாள் பாண்டி தன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். உத்தமபாளையம் காஜா பாய். என் கணவருக்கு ரொம்ப வேண்டியவர். ஆயிலைப் பார்க்க அவருக்கு எழுத்தும் எண்ணும் தேவையில்லை. ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரிப்பார். லட்டுப் பாகு மாதிரி கம்பி விழ வேண்டும். என் டப்பாவில் விழவில்லை. "கம்பி அந்து போச்சுக்கா" என்று இரங்கல் செய்தி சொல்லும் குரலில் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கெட்டி ஆயில் ஒரு பாட்டில், என் ஆயில் ஒரு பாட்டில், இரண்டையும் பக்கத்து ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் மறுநாள் காலையிலேயே வைத்தேன். சாயங்காலம் இருவரையும் வரச்சொல்லி, அவர்கள் முன்னால் எடுத்துக் கவிழ்த்தேன். என் ஆயில் சமர்த்தாக ஓடிவந்தது. கெட்டி ஆயில், பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் வரச் சொன்ன பெண் மாதிரி, பாட்டிலின் கழுத்து வரை வந்து நின்றுகொண்டது. "மூணாறுல விடியக்காலம் கண்ணாடில பனி அப்பிக் கெடக்கும் பாய்..." என்று பாண்டி மெதுவாக இழுத்தார். காஜா பாய் அசரவில்லை.

"நம்ம வண்டி என்ன குச்சி ஐஸாக்கா, பொட்டிக்குள்ள நிப்பாட்டுறதுக்கு?"

சைபர்

அதே வாரம் கம்பத்திலிருந்து ஒரு திராட்சை விவசாயி வந்தார். மகன் ராணுவத்தில், லடாக்கில். விடுப்பு முடிந்து தன் டர்போ காரிலேயே திரும்பப் போகிறானாம். உண்மையான குளிர் கடைசியில் என் கடைப் படியேறிவிட்டது என்ற சந்தோஷத்தில், சைபர் டபிள்யூ என்று ஆரம்பிக்கிற டப்பாவைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு வருஷமாக அது யாருக்காகவோ காத்திருந்தது. அந்த டப்பாவுக்கும் எனக்கும் அதில் ஓர் ஒற்றுமை.

அவர் மகனுக்குப் போன் போட்டார். "ஏலே, அந்தம்மா சைபருங்கறாக. சரியாப் படிச்சவுகதானா?" மகன் அதுதான் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டார். ஆனால் படி இறங்கியவர் திரும்பி வந்தார். மனசு கேட்கவில்லை.

"சைபர்னா ஒண்ணுமில்லைன்னுதானம்மா அர்த்தம்? ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுப் பெரிய டப்பா?"

வாசலில் நிற்கும் வண்டி

டர்போ வந்துவிட்டது, மாட்டியும் ஆகிவிட்டது. மறுநாள் மூணாறுக்கு, மூன்று இரவு தங்குகிற சவாரி. பாண்டி தனியாக வந்து நின்றார். "பாய் கெட்டிங்கறாரு. நீங்க தண்ணிங்கறீக. ஏங்கிட்ட டர்போ ஒண்ணுதான் ஆத்தா இருக்கு."

கையேட்டைக் காட்டினேன். ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். படத்தைக் காட்டினேன். கொட்டாவி விட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தைதான் பாக்கி இருந்தது.

"பாண்டி, பாய் சொல்றது கெட்டி. நான் குடுக்கறது கெட்டிக்காரன். குளிருல கெட்டி மெதுவா எந்திரிச்சு, சோம்பல் முறிச்சு வருவான். கெட்டிக்காரன் கூப்பிட்ட ஒடனே ஓடியாந்து நிப்பான். சூடேறினாலும் எடத்தை விட்டு அசைய மாட்டான். ஒங்க டர்போவுக்கு யாரு வேணும்?"

பாண்டி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கெட்டி. கெட்டிக்காரன். டப்பாவைக் கையில் எடுத்தார். எடுத்ததும் முறுக்கக் கூடாது, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும், ஓடி வந்து நின்றதும் உடனே அணைக்கக் கூடாது என்று நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். போகும்போது, "டர்போ போச்சுன்னா வண்டியை ஒங்க கடை வாசல்லயே கொண்டாந்து நிப்பாட்டிருவேன், ஆமா" என்றார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையிறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியின் சத்தத்துக்கும் காது போனது. நான்காம் நாள் விடியலில் போன் அடித்தது. "ஆத்தா, பனி சும்மா உப்பைக் கொட்டின மாதிரி கெடக்கு. இந்தா கேளுங்க" என்று பாண்டி போனை வண்டிப் பக்கம் நீட்டினார். சாவி திருகுகிற சத்தம். கொஞ்சம் இருமல். அப்புறம் ஒரே சீரான சுருதி. ஊளை இல்லை, உறுமல் இல்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு இதைக் கேள் என்று சொல்ல வீட்டில் யாருமில்லாமல் போய் ஏழு வருஷம். அதனால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அந்த வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. காலையில் நன்றாக இருந்தது இறக்கத்தில் போய்விட்டதோ? வண்டி நின்ற பின்னும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பாண்டி இறங்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒரு நிமிஷம் கழித்து அணைத்தார். நான் சொல்லிக் கொடுத்த அதே பாடம். முன்கதவைத் திறந்து காஜா பாய் இறங்கினார். பாண்டி அவரை வழியில் ஏற்றி, மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை ஓட்டிக் காட்டியிருக்கிறார். பாய் நேராக மேசைக்கு வந்தார். அன்று அவருக்குச் சொட்டெடுக்கத் திறந்த டப்பாவில் விரலைத் தொட்டு, பழக்கதோஷத்தில் பிரித்துப் பார்த்தார்.

"கம்பி விழலதான். இருந்தாலும் அந்தக் கெட்டிக்காரன் ஒரு டப்பா எடுங்கக்கா, பட்டறைல இன்னொரு டர்போ நிக்குது."

மூன்று வருஷம் படித்த அத்தனை இலக்கணத்திலும் கடைசியில் என் பேரைக் காப்பாற்றியது 'காரன்' என்கிற ஒரே ஒரு விகுதிதான், அதுவும் பரீட்சையில் வரவில்லை.