மூன்று மில்லிமீட்டர்

மழைமானியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றி நான்கு பக்கமும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார். பத்தடி தள்ளிப் போய் அங்கேயும் ஒரு தடவை. பிறகு அலுவலகச் சுவரை விரலால் தேய்க்கிறார். வானம் மூன்று வாரமாக வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மழை இல்லை என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவருக்கோ தொட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். நான்கு மாதமாகத்தான் இந்தப் பழக்கம்.

ஊரில் அவருக்கு ‘மில்லி’ என்று பெயர். வேளாண் அலுவலகத்துப் பின்புறம் நிற்கும் மழைமானியை இருபத்திரண்டு வருடமாக அளப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? “மில்லி, டீ எத்தனை மில்லி ஊத்தட்டும்?” என்று கடைக்காரர் தினமும் கேட்கிறார். இவரும் தினமும் சிரித்துவைக்கிறார். காலை எட்டரை ஆனால் போதும், காய்ச்சலோ கல்யாணமோ, ஆள் மழைமானி முன் நிற்பார். உள்ளே இருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுவார். “நான் எழுதறது என் வார்த்தை இல்லப்பா, வானத்தோட வார்த்தை” என்பார். அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

ஊரை ஒட்டிய மேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பிக்கு மக்காச்சோளக் காடும் இரண்டு கறவை மாடுகளும் இருந்தன. எட்டே முக்காலுக்குத் தம்பியின் போன் வந்துவிடும். “அண்ணே, எவ்ளோ?” என்பான். இங்கே பெய்த மழை அவன் காட்டில் பெய்திருக்காது. இருந்தாலும் அண்ணன் வாயால் கேட்டால்தான் அவனுக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

போன கோடையில் மழை அடியோடு பொய்த்தது. தொடர்ந்து முப்பது நாள் பூஜ்யம் விழுந்தால் வட்டாரம் முழுக்க வறட்சிப் பட்டியலில் சேரும்; அரசாங்கத்திலிருந்து மாட்டுக்குத் தீவனம் வரும், மறுவிதைப்புக்கு விதை வரும். அத்தனைக்கும் அளவு இந்த ஒரே மழைமானி. இருபத்தேழாம் நாள் காலையில் வந்து பார்த்தால் தரை ஈரம், செடிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குவளையில் மூன்று மில்லிமீட்டர். அவர் வீட்டுப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லைதான். ஆனால் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடுகிற மேகங்களை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! எழுதிவிட்டார்.

அன்று தம்பி நேரிலேயே வந்தான்.

“என் காட்டுல பொட்டுத் தண்ணி இல்லண்ணே. அந்த மூணை அழிச்சிட்டு ஒரு பூஜ்யம் போடக்கூடாதா?”

“இருக்கறதைத்தானடா எழுத முடியும்?”

“அப்ப உன் குவளையையே கட்டிக்கிட்டு அழு.”

நாள் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. அது முப்பதை எட்டுவதற்குள் சோளம் நின்ற நிலையிலேயே காய்ந்து சருகானது. தீனி இல்லாமல் மாடுகள் கைமாறின. தம்பி குடும்பத்தோடு நகரத்துக்குப் போய் மூட்டை தூக்குகிறான். எட்டே முக்கால் போன் நின்றுபோனது. இவரும் வைராக்கியமாகத்தான் இருந்தார். செய்தது சரி என்ற தெம்பு இருந்தது.

அந்தத் தெம்பையும் வாட்ச்மேன் பிடுங்கிக்கொண்டார். பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்: “பெரிய ஆபீசர் வர்றார்னு அன்னிக்கு விடியக்காலைல பைப்பு போட்டு எல்லாத்தையும் கழுவினேனே, ஞாபகம் இருக்கா? உங்க டப்பாவக்கூட பளபளன்னு கழுவி வெச்சேன்.”

எந்த நாள் என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்: மூன்று மில்லிமீட்டர் எழுதிய அதே நாள். பாவம், வாட்ச்மேனை என்ன சொல்ல? நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மில்லி அன்றே மேலிடத்துக்கு எழுதினார். “முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க” என்று பதில் வந்தது. தம்பியிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நான்கு மாதம் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இன்று எட்டே முக்காலுக்கு, குவளையும் கையுமாக நின்றபடியே, அவராகத் தம்பிக்குப் போன் போட்டார். எடுத்தான். பின்னால் லாரி இரைச்சல்.

“என்ன?”

“அன்னிக்கு பெஞ்சது மழையே இல்லடா. வாட்ச்மேன் கழுவின தண்ணி. தீர விசாரிக்காம நான்தான் எழுதிட்டேன்.”

இரைச்சல் சற்றுத் தள்ளிப் போனது.

“எப்பத் தெரியும்?”

“நாலு மாசமா.”

“நாலு மாசமா...” என்றான் தம்பி. “மாட்டை வண்டில ஏத்தறப்ப அது என்னையே பாத்துச்சுண்ணே. நான் வானத்தைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.”

இவருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கை ஒழியவில்லை. யாரோ அங்கே மூட்டைக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிடுவான் என்று நினைத்தார். வைக்கவில்லை.

“அண்ணே,” என்றான். “இன்னிக்கு எவ்ளோ?”

மில்லி குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு, போனில் தம்பிக்குத் தெரியும் என்பதுபோல, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.