சோளக்காட்டில் நீலப் புள்ளிகள்

எங்கள் பக்கம் மோட்டார் வண்டி ஓடாத காலம். பிரசவ வலியில் துடித்த என் தங்கையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் கணவர் வண்டி ஓட்டினார். பாதி வழியில் வெள்ளம் சாலையை அறுத்திருந்தது.

பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் தாலுகா வரைபடம் இருந்தது. அதில் ஒரு வண்டித்தடம் சோளக்காடுகளின் நடுவே போய் மேட்டுச் சாலையில் சேர்ந்தது.

"இப்படியே விடுங்க மாப்பிள்ளை!" என்றேன்.

ஆளுயரச் சோளம் சாய்ந்து தடத்தை மறைத்திருந்தது. திடீரென்று காளைகள் நின்றுவிட்டன. சாட்டை வீசியும் நகரவில்லை.

"சீக்கிரம் போலாங்கண்ணா..." என்று தங்கை அலறினாள்.

நான் குதித்து, காளைகளை இழுக்க முன்னால் போனேன். காலடியில் மண் சரிந்தது. வெகு கீழே அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

பின்னுக்கு நகர்ந்து படத்தை விரித்தேன். தடம் வளையும் அந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி. மை சிந்தியது என்றே நினைத்திருந்தேன். வழியெங்கும் அதே புள்ளிகள். மூலையில் இருந்த குறி விளக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். நீலப் புள்ளி என்றால் கிணறு.

பிறகு வண்டிக்கு முன்னால் நடந்தபடி, ஒவ்வொரு புள்ளிக்கும் முன்பே குரல் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் அழுகை கேட்டதும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்தப் பாத்தே கெணறு எங்கிருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்களே மச்சான்! இதைத்தானுங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க?"

பெருமையாகத்தான் கேட்டார். அந்தப் படத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் ஊர்ப் பெயர்களை மட்டுமே ஒப்பிக்க வைத்தவன் நான். "இனிமேத்தான் சொல்லிக் குடுக்கணும் மாப்பிள்ளை" என்றேன்.