ஹந்தானையில் நான் சொன்ன ஒரு சொல்

காலை ஏழரைக்குக் கண்டியில் ஓட்டோ ஏறினேன். ஹந்தானைக்கு ஆறு கிலோமீற்றர், ஆயிரம் ரூபாய். கிளிநொச்சியின் சமதரையில் பாலர் பாடசாலை நடத்துகிற எனக்கு, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாகப் போன பாதை புதிது.

"மழை பெஞ்சா இந்த மண்ண நம்ப ஏலா டீச்சர், வெள்ளன எறங்கிருங்க" என்றார் சாரதி. நல்ல வரவேற்பு!

எட்டு மணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை அடைந்தேன். கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. பல மாவட்டத்து ஆசிரியைகள் பத்துப் பேர், ஒருவர் கற்பிப்பதை மற்றவர் பார்த்துப் பழக வந்திருந்தோம். அங்குள்ள ஆசிரியை செல்வி, "வாங்க டீச்சர், மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

பத்து மணிக்கு என் முறை. பத்தொன்பது பிள்ளைகள். கதை சொன்னேன், பாடினோம். அடுத்து தேயிலைச் செடி பார்க்க நடை. செருப்புப் போட்டு ஆயத்தமாகட்டும் என்று, "எல்லாரும் வெளிக்கிடுங்கோ!" என்றேன். பிள்ளைகள் முழித்தார்கள். செல்விதான் செருப்புகளை எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன். பதினெட்டேதான்!

நாலு வயதுக் கவிஷாவைக் காணவில்லை. வெளியே மூடுபனி, பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான், அதற்குக் கீழே சரிவு. ஐயோ, அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? "கவிஷா! கவிஷா!" என்று கத்திக் கூப்பிட்டேன்.

"நீங்க புள்ளைங்கள பாருங்க டீச்சர், நான் கான் பக்கம் போறேன்" என்று செல்வி ஓடினாள்.

இருபது நிமிடம். கானுக்கு அப்பால் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்த பிள்ளையைத் தூக்கிவந்தாள். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது.

"அந்த டீச்சர்தான் வெளிக்குப் போகச் சொன்னாங்க. எனக்கு வரவே இல்ல."

செல்வி சிரித்துவிட்டாள். "எங்க பக்கம் வெளிக்குப் போறதுன்னா கக்கூஸ் போறது, டீச்சர்." எல்லாரும் சிரித்தார்கள். நான் பிள்ளைகளை மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

மழைக்கு முன்பே இறங்கிவிட்டேன். கிளிநொச்சி பஸ்ஸில்தான் தர்ஷினி ஞாபகம் வந்தாள். மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறியவர்களின் பிள்ளை. வீட்டுக்கு விடும் நேரம் நான் "வெளிக்கிடுங்கோ" என்றால், பையை எடுக்காமல் கக்கூசுக்கு ஓடுவாள். குழப்படி என்று எத்தனை நாள் மூலையில் நிறுத்தியிருப்பேன்! திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுடைய தவணை அறிக்கையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: "சொன்னால் விளங்குவதில்லை. டொக்டரிடம் காட்டவும்."