அவுலிஸ் அடித்த ஒரு வரி

என் தம்பி அவுலிஸ் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முறை பேச்சு வந்தது. இரண்டும் மே மாதத்தில் வந்தன. மே மாதத்தில் பறவைகள் வரும், அவனுக்கு நேரமிருக்காது.

ஜனவரியில், எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும் குளிரில், தீனித்தட்டுக்கு வரும் பட்டாணிக்குருவிகளை எண்ணுவான். ஏரியின் பனிக்கட்டி உடைந்ததும் அன்னங்கள். செப்டம்பரில் கொக்குகள் தெற்கே போகும்போது வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிடுவான். பின்னால் நிற்கும் பள்ளி வேன்காரர் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் இவன் முதலிலிருந்து எண்ணுவான் என்று அவருக்குத் தெரியும்.

வசந்தத்தில் எங்கள் ஊர்க் கடைக் கதவில், பறவைப் பெயர்கள் அச்சிட்ட ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்தப் பறவை எந்தத் தேதியில் முதலில் வந்தது, யார் கண்டது என்று அதில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. ஒரு அடித்தல்கூட இல்லாத பெயர் என் தம்பியுடையது மட்டும்தான்.

இந்த வருடம் மார்ச் பதினேழாம் தேதி காலை, தட்டில் விதை போடும்போது குவோவியின் குரலைக் கேட்டான். நீண்டு வளைந்த அலகுள்ள வயல் பறவை அது. ஏப்ரல் பாதியில்தான் வரும். கேட்டது கேட்டதுதான் என்று போய் எழுதினான்.

பெட்ரோல் பங்க் ரெய்மா, முதலில் கண்ட பறவைகளின் கணக்கில் ஒவ்வொரு வருடமும் இவனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டடி பனி கெடக்கு. உன் குவோவி என்ன, சறுக்கு மட்டை கட்டிக்கிட்டா வந்துச்சு?"

"கேட்டேன், எழுதினேன்," என்றான் அவுலிஸ்.

பத்தொன்பதாம் தேதி நான் முற்றத்தில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்தேன். கூரை ஆண்டெனாவிலிருந்து குவோவி கூவியது. நிமிர்ந்தால், புள்ளி போட்ட கறுப்பு மைனா. அடுத்து அது அவுலிஸ் நாயைக் கூப்பிடும் சீட்டியை அப்படியே அடித்தது. எங்கள் நாய் ஓடிவந்து ஆண்டெனாவைப் பார்த்து உட்கார்ந்தது.

சொல்லாவிட்டால் தாளில் அடித்தல் விழாது. கம்பளத்தின் மறுபக்கத்தையும் தட்டி முடிக்கும்வரை யோசித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"டேய், உன் குவோவி வந்திருக்கு. வந்து பாரு."

வந்தான். மைனா மறுபடி கூவியது. அண்ணாந்து பார்த்தான்.

"எத்தன நாளாக்கா இது இங்க இருக்கு?"

"எனக்கெப்படிடா தெரியும்? என்கிட்ட சொல்லிட்டா வந்துச்சு?"

"ஸ்கேல் எங்க இருக்கு?"

கடைக்குப் போனோம். குவோவி வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தான். கடை வாசலில் ரெய்மா நின்றிருந்தார்.

"யோவ், நீயே அடிக்கிறியா? யாருக்குய்யா தெரியப்போகுது?"

"அன்னைக்குக் கூவினது மைனா. அதுக்குத் தெரியும்."

ரெய்மா சிரிக்கவில்லை. மைனா வரியில் விரலை வைத்தார். அது காலியாக இருந்தது. "அப்ப பதினேழுன்னு மைனாவ எழுது. இவ்வளவு சீக்கிரம் யாரும் பாத்ததில்லியே! முதல் பேரு உன்னுதுதான்."

"பதினேழாந்தேதி நான் மைனாவப் பாக்கல. அத முதல்ல பாத்தது எங்கக்கா, பத்தொன்பதாந்தேதி."

அப்படியே எழுதினான். அடித்தலுக்கு இரண்டு வரி கீழே, மைனா வரியில், முத்து முத்தான எழுத்தில்: மார்ச் 19, கண்டவர் ஹில்கா.

என் பெயர் ஹில்க்கா. ஒரு எழுத்தை விட்டுவிட்டான். நாளைக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.