மச்சு குடித்த கஞ்சி

முதல் செதில் வீட்டுக்கார அம்மாளின் காபித் தம்ளரில் விழுந்தது. இரண்டாவது என் தோளில். பதினேழு வரை எண்ணியபோது எங்கள் காண்ட்ராக்டர் ரங்கையா உள்ளே வந்தார். பதினெட்டாவது அவர் தலையில் விழுந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் ரங்கையா. அவரிடம் நான் புது சூப்பர்வைசர். இன்னும் நிரந்தரமாகவில்லை. இரும்புத் தகட்டுக்கு அடிப்பூச்சாக எந்தப் பிரைமர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் இது வீடு. திருவள்ளூரில் அரிசி மில் வைத்திருந்த குடும்பத்தின் பழைய கூடம். மேலே தேக்குக் கட்டைகள்மீது செங்கல் அடுக்கிக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் மச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்தில் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். டிஸ்டெம்பரை இரண்டு தடவை அடித்துவிட்டோம். இரண்டு தடவையும் காய்ந்ததும் அப்பளம்போல் சுருண்டு விழுந்தது.

ரங்கையா தலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னா நைனா, டிப்ளமா படிச்சவன்னு உன்னை இட்டாந்தேன். மூணாவது தபாவும் கொட்டிச்சின்னா, சர்டிபிகேட்டைச் சுருட்டிக்கினு ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

மேஸ்திரி கன்னியப்பன் என் காதில், "மேல ஒழுகுது சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார். மொட்டைமாடிக்குப் போய்த் தளக்கற்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு விரிசல்கூட இல்லை. ஏணியில் ஏறி மச்சில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. கீழே கன்னியப்பன் சிரித்தார்: "இன்னா சார், மச்சுக்கு ஜுரமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்த செதில்களைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தேன். டிஸ்டெம்பர் எங்கும் விடவில்லை. அடியில் இருந்த பழைய சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அந்தச் சுண்ணாம்புதான் மச்சை விட்டுவிட்டது. ஒரு செதிலில் எறும்புகள் மொய்த்தன. சுண்ணாம்பில் எறும்புக்கு என்ன வேலை? கொஞ்சம் எச்சில் தொட்டு விரலில் தேய்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது.

நேரே சமையலறை வாசலுக்குப் போனேன். "அம்மா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புல என்ன கலப்பீங்க?"

"வெள்ளையடிக்க வர்றவங்க எல்லாரும் வஜ்ஜரம்தான் கேப்பாங்க. அது மாட்டுத் தோலக் காய்ச்சி எடுக்கற பசையாமே? முட்டைகூட வாசப்படி தாண்டாத வீடு தம்பி இது! அதனால நானே கஞ்சி வடிச்சிக் குடுத்துடுவேன்" என்றார் பெருமையாக. "நம்ம மில்லு அரிசி. வருஷா வருஷம் ஒரு குண்டான்."

இருபத்து மூன்று வருடக் கஞ்சி. அவர் மருமகளாக வந்த நாளிலிருந்து எண்ணிச் சொன்னார். ஈரமான டிஸ்டெம்பர் மேலே பட்டதும் கஞ்சி ஊறி உப்பியிருக்கிறது. காயும்போது டிஸ்டெம்பர் இறுக்கி இழுக்க, சுண்ணாம்பு அடுக்கோடு பெயர்ந்து வந்திருக்கிறது. இன்னும் பத்து கோட் அடித்தாலும் அதே கதைதான்.

"எல்லாத்தையும் சுரண்டணும்" என்றேன். கன்னியப்பன் மச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

அம்மாள் விடவில்லை. "தம்பி, இப்ப அடிக்கப் போறீங்களே, அதுல வஜ்ஜரம் இருக்கா?"

இல்லை என்று சொல்லும்படி ரங்கையா எனக்குக் கண்ணைக் காட்டினார். "போன ரெண்டு தடவை அடிச்ச பவுடர் டிஸ்டெம்பர்ல இருந்ததும்மா. இப்ப எண்ணெயில குழைச்ச டிஸ்டெம்பர் வாங்கலாம். பால்லேர்ந்து எடுக்கற பசை போட்டதும் கிடைக்குது" என்றேன்.

அம்மாளின் முகம் சிவந்தது. "அப்ப ரெண்டு தடவை என் வீட்டுக்குள்ள..."

ரங்கையா முந்திக்கொண்டார்: "அதான் மொத்தமும் கொட்டிடுச்சேம்மா! உங்க ஊட்டு மச்சே அத்தத் துப்பிடுச்சி!"

அம்மாள் சிரித்துவிட்டார். நாங்கள் பிழைத்தோம்.

தகடு போட்டு வெறும் காரை தெரியும்வரை சுரண்டினோம். ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரில் டர்பன்டைன் ஊற்றித் தண்ணியாக அடித்தோம். காரை அதைக் குடித்துக்கொண்டது. அதன்மேல்தான் டிஸ்டெம்பர். காய்ந்ததும் மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கிவந்து மச்சில் ஒன்பது இடத்தில் ஒட்டி, வெடுக்கென்று பிய்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் வெள்ளை ஒட்டவில்லை. அப்போதும் பயம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எதிரே எனக்கு இலை. சாம்பார் ஊற்றியாகிவிட்டது. நான் மச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாற வந்த அம்மாள் கரண்டியோடு நின்றார்.

"ஏந்தம்பி, மேல என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா."

"சாப்பிடு. நானும் காலைலேர்ந்து அதத்தான் பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் விழல."

பக்கத்து இலையில் ரங்கையா பாயசத்தை வழித்துக்கொண்டே, "திங்கக்கெழம சோழவரத்துல ஒரு பழைய மச்சு இருக்குது, நைனா. லாரி ஏழு மணிக்கு" என்றார்.

வேலை நிலைத்தது. சோழவரத்தில் லாரியிலிருந்து ஏணியை இறக்குமுன் நான் சமையலறை வாசலைத் தேடிப் போனேன். பழைய மச்சுக்கு வண்ணம் அடிக்கப் போகிறவர்கள் டப்பாவைத் திறப்பதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள். மச்சு என்னென்ன சாப்பிட்டிருக்கிறது என்று அங்கேதான் தெரியும்.