செவ்வரத்தையில் நான் நசித்த பூச்சிகள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை எழுதிக்கொண்டு போகையில் இன்னொன்று மறந்துபோகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெல்லிப்பழையில், காலமாகிவிட்ட என் அண்ணையின் மனைவி மச்சாளோடும் அவர்களுடைய மகளோடும் இருக்கிறேன். மச்சாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடுதான். கோயிலுக்குப் போகமுடியாதே என்று ஒருநாள் அழுதார். அதற்காகத்தான் செவ்வரத்தைத் தடியொன்றைப் பூச்சாடியில் ஊன்றி அவருடைய அறை யன்னலில் வைத்தேன். அது பூத்த நாளிலிருந்து காலையில் நான் ஒரு பூப் பிடுங்கிக் கொடுப்பேன். அவர் கட்டிலில் இருந்தபடியே முருகன் படத்துக்கு வைப்பார். அவருக்குக் கோயில் என்று மிஞ்சியது அதுதான்.

ஆவணியில் அந்தச் செடியில் வெண்மூட்டுப்பூச்சி பிடித்தது. மாவைத் தூவியதுபோல வெள்ளை வெள்ளையாகத் தண்டில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மொட்டெல்லாம் விரியாமல் உதிர்ந்தது. மச்சாளுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். அந்த அறையில் மருந்து அடிக்க முடியாது. பூச்சி விடுகிற பிசுக்குக்கு எறும்பு வேறு வந்து கட்டில்வரை ஊர்ந்தது.

மச்சாளின் மகள், என் மருமகள், வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் பொறுமை எவ்வளவு?

"மாமி, உங்கடை பண்ணையைத் தூக்கி வெளியிலை வையுங்கோ. அம்மாவின்ரை தலையணையிலை எறும்பு."

"எறும்பு கடிச்சால் நான் சொறிவன். உனக்கென்னடி?" என்றார் மச்சாள்.

ஒழுங்கையில் ஒரு விவசாயப் போதனாசிரியை இருக்கிறா. ஸ்கூட்டியில் போனவவை மறித்து, தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சாடிக்குள்ளை ரெண்டு உள்ளிப்பல்லு ஊண்டுங்கோ அம்மா. பக்கத்திலை கொத்தமல்லி போட்டுப் பூக்க விடுங்கோ. பூவுக்குச் சின்ன வண்டு வரும். வண்டும் அதின்ரை குஞ்சும் இந்த வெள்ளையைத் திண்டு முடிக்கும்" என்றா. குஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்க நினைத்தேன். இதுவும் தெரியாதோ என்று நினைப்பாவோ என்று வெட்கமாகப் போய்விட்டது. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கோழிக்குஞ்சு கோழிபோல இருக்கிற மாதிரி, வண்டின் குஞ்சும் குட்டி வண்டாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன்.

உள்ளிப்பல்லை ஊன்றி, சமையலறைக் கொத்தமல்லியை நசித்துப் போட்டேன். முளைத்து, ஐப்பசியில் பூத்தது. மிளகளவில் கறுப்பு வண்டு இரண்டு மூன்று வந்ததையும் கண்டேன். ஆனால் செவ்வரத்தையில் வெள்ளை குறையவில்லை. அதைவிட, புதிதாகச் சில பெரிய வெள்ளைகள், உடம்பெல்லாம் பஞ்சு தொங்க, அங்குமிங்கும் வேகமாக ஊர்ந்தன. இதுகள்தான் தாய்ப்பூச்சி என்று நினைத்துக்கொண்டு காலையும் மாலையும் தேடித் தேடி நகத்தால் நசித்தேன்.

கந்தசஷ்டி தொடங்கிய காலையில் மச்சாள் அதைக் கண்டுவிட்டார்.

"உதென்ன செய்யிறாய்? ஆறு நாளைக்கு உந்த அறையிலை ஒரு உயிரையும் கொல்லப்படாது."

"விட்டால் உங்கடை பூவைத் திண்டிடும் மச்சாள்."

"திண்டிட்டுப் போகட்டும். கொலை செய்த கையாலை எனக்குப் பூப் பிடுங்கித் தரப்போறியே?"

மருமகளும் ஒரு தவணை சொல்லிவிட்டாள்: பாறணை முடிந்து விரதம் விட்ட மறுநாள் சாடி குப்பைக்கு.

எறும்பையும் கொல்ல முடியாது. அதனால் பேசினில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் சாடியை ஏற்றினேன். யன்னலில் முட்டியிருந்த கொப்பையும் வெட்டிவிட்டேன். எறும்பு தண்ணீர்க் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. "உனக்கும் ஒரு தீவுப்பகுதி வந்திட்டுது" என்று மச்சாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரிய வெள்ளைகள் நாளுக்கு நாள் கொழுத்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர் விடும்போது உற்றுப் பார்த்தேன். ஒரு பெரிய வெள்ளை சின்ன வெள்ளை ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் தோல்தான் கிடந்தது. நான் தேடித் தேடி நசித்தது இதைத்தான்.

பாறணைக்கு மறுநாள் மருமகள் சாடியைத் தூக்க வந்தாள். "பொறு பிள்ளை" என்று குறுக்கே நின்றேன். நான் அப்படி நின்றதே இல்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"மாமி! இது மற்றதுகளைத் தின்னுது. தண்டு பாதி வெளிச்சுப் போச்சு."

"நான் சஷ்டி தொடங்கும்வரைக்கும் உதுகளைத்தான் நசிச்சனான்" என்றேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

மச்சாள் கட்டிலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சூரனைப் பிடியடி எண்டால், முருகன்ரை வேலாயுதத்தையெல்லே முறிச்சிருக்கிறாய்!" பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "சரி, தெரியாமல்தானே. அழாதை" என்றார்.

சாடி குப்பைக்குப் போகவில்லை. கார்த்திகை பிறந்து சில நாளில் ஒரு மொட்டு உதிராமல் நின்று விரிந்தது. பிடுங்கிக் கொடுத்தேன். மச்சாள் அதைப் படத்துக்கு வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பூச்சி முழுதாகப் போய்விடவில்லை. அங்கொன்று இங்கொன்று இருக்கிறது, அதைத் தின்னவும் ஆள் இருக்கிறது. ஆனால் அந்தப் பஞ்சு உடம்புக்காரர்தான் கறுப்பு வண்டின் குஞ்சு என்பது நானாக நினைத்துக்கொண்டது. ஒன்று மற்றதாக மாறுவதை நான் கண்ணால் காணவில்லை. உள்ளி உதவியதா, தண்ணீர்ப் பேசின் உதவியதா என்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. விவரம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துப் பிழையைத் திருத்திவிடுங்கள். என் எழுத்தை நம்பி இன்னொருவர் நசிக்கக்கூடாததை நசித்துவிடக்கூடாது.