கோப்பி உறுமாமல் போன நாட்கள்

அலுமினியத் தட்டு சிமெண்ட் தரையில் 'கர்... கர்...' என்று நகரும் சத்தம். கூடவே சோற்றோடு வெந்த நெத்திலித் தலை வாசம். ஆயர் ஈத்தாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் என்றால் எனக்கு இவை இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

தட்டு கோப்பியுடையது. கோப்பி எங்கள் நாய்.

கல்யாணமான புதிதில், என் கணவர் குணா பாலிக் புலாவில் ஒரு டுரியான் பழத் தோட்டத்துக்கு வேலையாகப் போயிருந்தார். அங்கே மரத்தடியில் கட்டிக் கிடந்தவனைக் கேட்டு வாங்கி வந்தார். நன்றாகப் பால் விட்ட கோப்பி நிறம். அதனால் பெயரும் அதுவே.

மூன்றே நாளில் எங்களோடு ஒட்டிக்கொண்டான். குணாவின் கார் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வால் ஆடும். ஒரே ஒரு குறை... சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுவான்.

குணாவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"சோறு போடறவனையே உறுமுதா? இப்பவே அடக்கலன்னா தலைமேல ஏறிடும் லா" என்பார்.

கார் கழுவும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். உறுமினால் ஒரு அடி. அப்போது எங்களுக்குத் தெரிந்த பயிற்சி அதுதான். நானும் தடுக்கவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரத்தில் உறுமல் நின்றது. "பார்த்தியா கலா, எப்படி திருந்திட்டான்" என்று சிரித்தார். எனக்கும் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைக் கொஞ்சம் நகர்த்த குணா குனிந்தார். சின்னச் சத்தம்கூட இல்லை. நேராகப் பல்தான். கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது.

கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு திரும்பினோம். வீட்டு வாசலில் அவர் சொன்னார்.

"நாளைக்கு நாய் பிடிக்கிறவங்களுக்கு போன் பண்றேன். வந்து கொண்டு போகட்டும். இனிமே இவனை நம்ப முடியாது."

கொண்டு போனால் திரும்பி வரமாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

பின்னால் போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தான். நான் தள்ளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து மீதிச் சோற்றைத் தின்ன ஆரம்பித்தான். ஓர் அடி எடுத்து வைத்தேன். உறுமல் இல்லை. ஆனால் முதுகு விறைத்தது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. மெல்லாமலே வேகவேகமாக விழுங்கினான்...

அந்த விழுங்கல் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஆனாலும் ருசி தெரியாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

இவனுக்கும் பயம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உறுமியது திமிர் இல்லை. 'கிட்டே வராதே' என்று சொல்லிப் பார்த்தான். சொன்னதற்கு அடித்தோம். சொல்வதை நிறுத்திவிட்டான். பயம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

குணாவிடம் போனேன். "பயந்துதாங்க கடிச்சிருக்கான். எனக்கு ஒரு மாசம் குடுங்க. சரி வரலன்னா நானே போன் பண்றேன்."

"உன்னையும் கடிச்சா?"

"கிட்ட போனாத்தானே கடிப்பான். நான் போகப் போறதில்ல."

பசாரில் கோழி ஈரல் வாங்கி வேகவைத்துத் துண்டு போட்டேன். கோப்பி சாப்பிடும்போது தள்ளி நின்று ஒரு துண்டை வீசிவிட்டு, உடனே திரும்பி நடந்துவிடுவேன். அவ்வளவுதான். தட்டைத் தொடுவதில்லை. தடவிக் கொடுப்பதில்லை. முதுகு விறைத்தால் மறுநாள் இன்னும் தள்ளி நிற்பேன். சில நாள் ஒரு மாற்றமும் இருக்காது.

மூன்றாவது வாரம், நான் பின்கதவில் தலைகாட்டியதும் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்து வால் ஆட்டினான். ஆள் வந்தால் பறிபோகாது, கூடவே கிடைக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டான். சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்த வாரமே ஒரு மாலை, குணா கார் கழுவ நீளக் குழாயை எடுத்தார். அதைக் கண்டதும் கோப்பி தரையோடு ஒட்டிப் படுத்து, இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டான். குணா அசையாமல் நின்றார்.

"என்னைப் பார்த்தா இவ்வளவு பயமா, கலா?"

அவர் வெட்டி வைத்திருந்த துண்டைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டார். அதன் பிறகு வாளியில் தண்ணீர் மொண்டுதான் கார் கழுவினார். மறுநாள் ஈரல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "எவ்ளோ தூரத்துல நிக்கணும்?" என்று கேட்டார்.

கோப்பி அவரை நம்புவதற்கு ஐந்து மாதம் ஆனது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. பிறகு பதினொரு ஆண்டு எங்களோடு இருந்தான். யாரையும் கடிக்கவில்லை.

இப்போது எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. எங்கள் மகள் ஒரு குட்டி வளர்க்கிறாள். காது பின்னால் போனால் என்ன அர்த்தம், கொட்டாவி விட்டால் என்ன அர்த்தம் என்று வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். "நீங்க ஏன் மா அடிச்சீங்க?" என்று அவள் கேட்டபோது, "எங்களுக்கு அப்போ தெரியாது மா" என்றேன்.

போன மாதம் அவள் வீட்டில், குட்டி ஹாலில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. குணா அந்தப் பக்கமாக நடந்தார். அது தொண்டைக்குள் மெதுவாக உறுமியது. அவர் நின்றார். இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

"சரி சரி... நீ சாப்பிடுடா. நான் அந்தப் பக்கம் போறேன்."

சோபாவைச் சுற்றிக்கொண்டு போனார். மகள் கவனிக்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒரு வார்த்தையைக் கோப்பியிடமும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்...